மடித்தலும் முடைதலும்

பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் இந்தியாவில் பல உள்ளன. இராணுவம், இரயில்வே, வங்கி, மத்திய அரசு அலுவலகம் ஆகியவற்றில் பணிபுரிவோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாற வேண்டியுள்ளது. மாற்றல் ஆணை வந்தவுடன் வீட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. பாத்திரங்கள், துணிமணிகள், புத்தகங்கள் ஆகியவற்றுக்கே அப்பெட்டிகளில் இடம் போதுவதில்லை. ஆகவே, பெரியவர்கள் முதலில் ஒதுக்கி வைப்பவை பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களே ஆகும். சக்கரம் கழன்ற வண்டியும் காது கிழிந்த கரடியும் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் சென்று சேர்கின்றன.

புதிய ஊரில் முதல் சில வாரங்கள் எளிதாகக் கழிவதில்லை. தெருவில் பேசப்படும் மொழி புதிது. பள்ளியில் முகங்கள் புதியவை. விளையாட அழைப்பதற்கு நண்பர் எவரும் இல்லை. வீட்டிலுள்ள சிறு குழந்தைகள் பழைய பொம்மையைக் கேட்டு அழுவதும் உண்டு. அத்தகைய நாள்களில் அண்ணனோ அக்காளோ ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து மடிக்கத் தொடங்கினால், அழுகிற குழந்தை அருகில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பொம்மையைச் சுமந்து செல்லப் பெட்டியில் இடம் வேண்டும். பொம்மை செய்யத் தெரிந்த கைக்கு அந்தத் தடை இல்லை. எந்த ஊருக்குச் சென்றாலும் அத்திறன் உடன் வரும்.

வீட்டிலுள்ள எளிய பொருள்களைக்கொண்டு சிறுவர்கள் செய்யத்தக்க நான்கு கைவினைப் பொருள்களை இப்பாடம் விளக்குகிறது.

கைக்கு எட்டிய பொருளே போதும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முற்காலத்தில் விளையாட்டுப் பொருள்கள் கடையில் மட்டும் கிடைத்தவை அல்ல. அவை மரத்தடியிலும் வயல் வரப்பிலும் கிடைத்தன. பனைமரம் தமிழ்நாட்டின் மாநில மரம். அதன் ஓலையில் கிலுகிலுப்பை முடைந்து, உள்ளே சிறு கற்களை இட்டுக் குழந்தைக்குக் கொடுத்தனர். அதே ஓலையில் இரண்டு கீற்றுகளைக் குறுக்காக வைத்து, நடுவில் முள்ளைக் குத்திக் காற்றாடி செய்தனர். நுங்கு எடுத்தபின் எஞ்சிய காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளி வண்டி ஓட்டினர். பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் அமுக்கி ஊதினால் பீப்பி ஒலித்தது. இவற்றுள் எதற்கும் காசு செலவாகவில்லை.

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, அசாமின் இராணுவக் குடியிருப்பிலோ பனையோலை கிடைப்பது அரிது. அதனால் அக்கலையைக் கைவிட வேண்டும் என்பதில்லை. ஓலையின் சிறப்பு மூன்று இயல்புகளில் உள்ளது: அது மெல்லியது, நீண்டது, மடித்தால் முறியாமல் நிற்பது. இம்மூன்று இயல்புகளும் செய்தித்தாளுக்கும் உண்டு. ஓலை கிடைக்காத இடத்தில் தாளை எடுத்துக்கொள்ளலாம். பொருள் மாறினாலும் கைவேலை ஒன்றே.

இவ்வாறு கைக்கு எட்டிய பொருளைப் பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலும் உள்ளது. வங்காளத்தில் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, ஓட்டுத்தையலால் இணைத்து, ‘காந்தா’ என்னும் போர்வையைத் தைக்கின்றனர். முற்காலத்தில் அதற்குரிய வண்ண நூலையும் பழைய புடவையின் கரையிலிருந்தே உருவி எடுத்தனர். கிழிந்த துணி இவ்வாறு குழந்தையின் போர்வையாக மறுபிறவி எடுத்தது.

குப்பையிலிருந்து அறிவியல்

எளிய பொருள்களில் பொம்மை செய்து, அவற்றின் வழியே அறிவியலைக் கற்பிக்கலாம் என்று நாடெங்கும் உணர்த்தியவர் அரவிந்த் குப்தா. அவர் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் பிறந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்றவர். 1978-ஆம் ஆண்டில், தாம் பணிபுரிந்த வாகனத் தொழிற்சாலையிலிருந்து விடுப்புப் பெற்று, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்திற்குச் சென்றார். அங்குச் சிற்றூர்ப் பள்ளிகளில், செய்துபார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் ஒன்று 1972 முதல் நடைபெற்று வந்தது. அப்பள்ளிகளில் விலையுயர்ந்த கருவிகளுக்கு வழியில்லை. வாரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொருள்களையே கருவிகளாக்க வேண்டியிருந்தது.

மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வில் மாட்டப்படும் மெல்லிய இரப்பர்க் குழாயை அவர் சிறு துண்டுகளாக வெட்டினார். அத்துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகிப் பல வடிவங்களை உருவாக்கினார். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணத்தை எப்பக்கம் தள்ளினாலும் அதன் வடிவம் மாறுவதில்லை. நான்கு குச்சிகளால் ஆன சதுரமோ இலேசாகத் தள்ளினாலே ஒருபுறம் சாய்ந்துவிடுகிறது. இரும்புப் பாலங்களிலும் மின்கம்பக் கோபுரங்களிலும் முக்கோணங்கள் மிகுதியாக அமைந்திருப்பதன் காரணத்தைச் சிற்றூர்ச் சிறுவர்கள் சில காசு மதிப்புள்ள பொருள்களால் அறிந்துகொண்டனர்.

பின்னர் அவர் புனே நகரிலுள்ள சிறுவர் அறிவியல் மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். தம் பொம்மைகளின் செய்முறைகளை யாவரும் கட்டணமின்றிப் பெறுமாறு இணையத்தில் வெளியிட்டார். 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தொடங்கும் முன்

கைவேலைக்கு வேண்டிய பொருள்களை ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. புதிதாக வீடு மாறிய குடும்பத்தில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சம் இராது. பழைய செய்தித்தாள், நோட்டு அட்டை, தீப்பெட்டிக் கூடு, பழைய பந்து, நூல், துணித்துண்டு, மை தீர்ந்த பேனாக் குழல் ஆகியவற்றை அதில் இடலாம்.

பசையையும் வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம். ஒரு கரண்டிக் கோதுமை மாவை அல்லது மைதாவை நான்கு கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறினால், சில நிமிடங்களில் அது கண்ணாடிபோல் மினுங்கும் பசையாகும். அடுப்பு வேலையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். இப்பசை இரண்டு மூன்று நாள்களில் புளித்துவிடும். ஆதலால் தேவையான அளவு மட்டும் காய்ச்சிக்கொள்ள வேண்டும். மிகச் சிறிய வேலைகளுக்கு ஒரு பருக்கைச் சோறே போதும். பட்டம் செய்வோர் சோற்றுப் பருக்கையை நசுக்கித் தாள் ஒட்டுவது இன்றும் உண்டு.

கத்தரிக்கோல், குண்டூசி, கத்தி ஆகியவற்றைச் சிறு குழந்தைகள் எடுக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகள் மணி, கூழாங்கல் போன்ற சிறு பொருள்களை வாயில் இட்டுக்கொள்வர். அவர்கள் உடனிருக்கும்போது அவற்றை எடுத்தல் ஆகாது.

1. செய்தித்தாள் தடுக்கு

தடுக்கு என்பது ஒருவர் உட்காரும் அளவுடைய சிறு பாய். ஓலையிலும் கோரையிலும் தடுக்கு முடைவது தமிழர் வழக்கம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப்புல்லால் நெய்யப்படும் நயமான பாய்கள் துணியைப்போல் மென்மையானவை, நாடறிந்தவை. அம்முறையிலேயே செய்தித்தாளில் ஒரு சிறு தடுக்கைச் செய்யலாம்.

செய்தித்தாளைப் பல முறை மடித்து, ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டையாக்க வேண்டும். இவ்வாறு பதினாறு பட்டைகள் தேவை. அவற்றுள் எட்டினைத் தரையில் நெடுக்காக, ஒன்றையொன்று ஒட்டியவாறு வரிசையாக வைத்து, மேல் முனைகளைப் பசையால் ஒரு தாள் துண்டின்மீது ஒட்டிவிட வேண்டும். நெசவில் இவ்வாறு நெடுக்காக நிற்பது பாவு எனப்படும். குறுக்காகச் செல்வது ஊடை எனப்படும்.

ஒன்பதாம் பட்டையை எடுத்து, முதல் பாவின் மேலும் இரண்டாவதின் கீழுமாக மாறி மாறிச் செலுத்த வேண்டும். அடுத்த பட்டை முதல் பாவின் கீழிருந்து தொடங்க வேண்டும். இந்த ஒரு விதியில்தான் தடுக்கின் உறுதி அடங்கியுள்ளது. இரண்டாம் பட்டையையும் முதலாவதைப் போலவே மேலிருந்து தொடங்கினால், பட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் நழுவிவிடும். சிறு குழந்தைகள் இத்தவற்றைச் செய்வது இயல்பு. உடனே திருத்தாமல், அவர்கள் முடைந்ததைத் தூக்கிப் பார்க்கச் செய்தால், தவறு எங்கு நேர்ந்தது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

எட்டு ஊடைகளும் முடிந்தபின், ஓரங்களில் நீண்டிருக்கும் முனைகளைப் பின்புறமாக மடித்து, அருகிலுள்ள பட்டையினுள் செருகி ஒட்ட வேண்டும். வண்ண இதழ்களின் தாளை ஊடையாகவும் செய்தித்தாளைப் பாவாகவும் கொண்டால் சதுரங்கப் பலகை போன்ற அழகிய கட்டங்கள் தோன்றும். இத்தடுக்கைப் பூச்சாடியின் அடியிலோ, மேசைமேல் தண்ணீர்ச் சொம்பின் அடியிலோ வைக்கலாம்.

2. காற்றாடி

பழைய நோட்டின் மேலட்டை அல்லது சற்றுத் தடித்த தாளிலிருந்து 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். அதை மூலைக்கு மூலை இரு முறை மடித்துப் பிரித்தால், நடுவில் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள் தெரியும். நான்கு மூலைகளிலிருந்தும் அக்கோடுகளின் வழியே நடுவை நோக்கி வெட்டி, நடுப்புள்ளிக்கு 2 சென்டிமீட்டர் முன்பாக நிறுத்த வேண்டும்.

இப்போது சதுரத்தில் எட்டு முனைகள் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு முனைகளை, மடிப்பு விழாமல் வளைத்து நடுவிற்குக் கொண்டுவந்து, குண்டூசியால் குத்த வேண்டும். பனையோலைக் காற்றாடிக்கு முள் அச்சாக நின்றது. தாள் காற்றாடிக்குக் குண்டூசி அச்சாகிறது. ஊசியின் பின்புறத்தில், மை தீர்ந்த பேனாக் குழலின் ஒரு சென்டிமீட்டர்த் துண்டைக் கோக்க வேண்டும். அதன்பின் ஊசியைச் செய்தித்தாளை இறுகச் சுருட்டிய கோலில் குத்தி, வெளியே நீளும் கூர்முனையைப் பெரியவர் ஒருவர் வளைத்துத் தாளால் மூடி ஒட்டுதல் வேண்டும்.

குழல் துண்டு இல்லாவிட்டால் காற்றாடி கோலில் உரசி நின்றுவிடும். உராய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எளிதாகக் காற்றாடி சுழலும். வளைந்த இதழ்களில் மோதும் காற்று ஒரே திசையில் அவற்றைத் தள்ளுவதால் சுழற்சி உண்டாகிறது. முனைகளை மடித்துத் தட்டையாக்கினால் காற்றைத் தாங்கும் குழிவு மறைந்துவிடும், காற்றாடியும் சுற்றாது. காற்று வீசாத நாளில் காற்றாடியை நீட்டியபடி ஓடினால் போதும். காற்று நம்மிடம் வரவில்லையெனில் நாம் காற்றிடம் செல்லலாம் என்பதைக் குழந்தைகள் ஒருவரும் சொல்லாமலே அறிவர்.

3. தலையாட்டிப் பொம்மை

தஞ்சாவூரின் தலையாட்டிப் பொம்மை உலகறிந்தது. எத்தனை முறை சாய்த்தாலும் அது மீண்டும் நிமிர்ந்து நிற்கும். புவிசார் குறியீடு பெற்ற அப்பொம்மையின் தத்துவத்தை ஒரு பழைய பந்தினால் விளங்கிக்கொள்ளலாம்.

ஏறத்தாழ 6 அல்லது 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள நெகிழிப் பந்தைப் பெரியவர் ஒருவர் இரண்டாக வெட்டித் தருதல் வேண்டும். ஒரு பாதியின் உட்புறத்தில், சரியாக அடிப்பகுதியில், களிமண் உருண்டை ஒன்றை வைத்து அழுத்த வேண்டும். களிமண் கிடைக்காத இடத்தில் உப்புச் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவைப் பயன்படுத்தலாம். பிண்டம் அரைப்பந்தின் அடியில் மட்டும் இருக்க வேண்டும். விளிம்புவரை நிரப்புதல் கூடாது.

பின்னர் ஒரு தாளைக் கடலைப் பொட்டலம்போல் கூம்பாகச் சுருட்டி, அதன் வாய் பந்தின் விளிம்பில் பொருந்துமாறு ஒட்ட வேண்டும். கூம்பின் உயரம் 10 சென்டிமீட்டருக்கு மேற்படாதிருத்தல் நல்லது. கூம்பில் கண், மூக்கு, மீசை வரையலாம். துணித்துண்டால் தலைப்பாகை கட்டலாம். பஞ்சாபில் வாழும் சிறுவன் தன் நண்பனின் தலைப்பாகையை வரைவான். இராஜஸ்தானில் வாழும் சிறுமி வண்ண முக்காடு இடுவாள். தஞ்சாவூர்ப் பொம்மை அவ்வவ்வூரின் உடையை ஏற்றுக்கொள்ளும்.

பொம்மை நிமிர்வதற்குக் காரணம் அதன் எடை முழுவதும் அடியில் குவிந்திருப்பதே. பொம்மையைச் சாய்க்கும்போது அந்த எடையின் மையம் சற்று மேலே தூக்கப்படுகிறது. புவியீர்ப்பு அதை மீண்டும் கீழே இழுக்கும்போது பொம்மை நிமிர்கிறது. தலைப்பாகை மிகக் கனமானால் எடையின் மையம் மேலேறிவிடும். பொம்மை விழுந்தால் எழாது. எழாத பொம்மையை எறிந்துவிட வேண்டியதில்லை. தலையின் எடையைக் குறைத்தோ, அடியில் இன்னும் சிறிது களிமண் சேர்த்தோ மீண்டும் சாய்த்துப் பார்க்கலாம்.

4. காகிதக் கூழ்க் கிண்ணம்

தமிழ்நாட்டு வீடுகளில் பழந்தாளையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்துக் கூடை செய்யும் வழக்கம் இருந்தது. மூங்கில் முறத்தின் இடைவெளிகளை அடைப்பதற்கும் அக்கூழையே பூசினர். இன்றைய பாட்டிமார் பலர் தம் இளமையில் அதைச் செய்தவர்களாகவோ, செய்யக் கண்டவர்களாகவோ இருப்பர்.

பத்துச் செய்தித்தாள் பக்கங்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இரண்டு கரண்டி வெந்தயத்தைத் தனியே ஊறவைக்க வேண்டும். மறுநாள் இரண்டையும் சேர்த்து மசிய அரைக்க வேண்டும். முன்பு ஆட்டுக்கல்லில் அரைத்தனர். இப்போது பெரியவர்களின் துணையுடன் மிக்ஸியில் அரைக்கலாம். கையால் நெடுநேரம் பிசைந்தாலும் ஓரளவு கூழாகும். சிறு குழந்தைகளுக்கு மிக விருப்பமான பகுதி இதுவே.

கூழைப் பிழிந்து நீரை வடித்தபின், ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியை விரித்து, கூழை அரை சென்டிமீட்டர்க் கனத்தில் அப்ப வேண்டும். எங்கும் ஒரே கனமாக இருத்தல் வேண்டும். மெலிந்த இடத்தில் கிண்ணம் காய்ந்தபின் வெடிக்கும். மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் காய்ந்தால் துணியுடன் எளிதாகக் கழன்றுவரும். வெந்தயம் ஊறும்போது சுரக்கும் வழவழப்பே தாளின் நார்களைப் பிணைக்கும் பசையாகிறது.

இக்கிண்ணத்தில் சாவி, நாணயம், பென்சில், ஊக்கு ஆகியவற்றை வைக்கலாம். உணவுப் பொருளை வைத்தல் கூடாது. அச்சு மையிலுள்ள வேதிப்பொருள்கள் உணவில் கலந்தால் உடலுக்குத் தீங்கு விளையும். வடையையும் பஜ்ஜியையும் செய்தித்தாளில் வைத்துத் தருவது தவறென்பதற்கும் இதுவே காரணம்.

காஷ்மீரிலும் இதற்கு உறவான ஒரு கலை உண்டு. அங்குள்ள கைவினைஞர்கள் தாளை ஊறவைத்து இடித்து, அரிசிக் கஞ்சிப் பசை சேர்த்து, அச்சின்மேல் படியவைத்துப் பேழைகளும் கிண்ணங்களும் செய்கின்றனர்; பின்பு அவற்றின்மேல் பூக்களையும் பறவைகளையும் நுண்ணிய தூரிகையால் தீட்டுகின்றனர். ஸ்ரீநகரில் அரிசிப்பசை, தமிழ்நாட்டில் வெந்தயம். இரண்டு நிலங்களின் கைகளும் பழந்தாளை ஒரே வகையில் கூழாக்கின.

கை அறிந்த சொற்கள்

மேற்கூறிய செய்முறைகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே செய்தால் மற்றொரு பயனும் விளையும். கைவேலையைக் குறிக்கும் சொற்கள் தமிழில் மிகுதி. அவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருளுடையவை. தாளைக் கையால் கிழிப்பர், கத்தரிக்கோலால் கத்தரிப்பர், காயைச் சிறிதாக நறுக்குவர், கீரையைக் கிள்ளுவர், விறகைப் பிளப்பர். பூவை நாரால் தொடுப்பர், மணியை நூலில் கோப்பர், கூந்தலைப் பின்னுவர், ஓலையை முடைவர், துணியை நெய்வர். ‘வெட்டு’, ‘கட்டு’ என்னும் இரண்டு சொற்களால் இவை அனைத்தையும் ஒருவாறு சொல்லிவிடலாம். ஆனால் அப்போது ஓலைக்கும் கூந்தலுக்கும் உள்ள வேறுபாடு சொல்லில் தெரியாது.

தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சில் இச்சொற்கள் மெல்ல மறைவதுண்டு. செயல் வீட்டில் நிகழாதபோது, அதன் சொல்லும் வீட்டில் ஒலிப்பதில்லை. முடைதல் என்னும் சொல்லை அகராதியில் படித்தவர் அதை மறந்துபோகலாம். எட்டுப் பட்டைகளையும் தம் கையால் மேலும் கீழும் செலுத்தியவர் எளிதில் மறப்பதில்லை.

ஊரிலுள்ள தாத்தா பாட்டியுடன் தொலைபேசியில் பேசும் பிள்ளைகள் பலர், “நன்றாக இருக்கிறேன்”, “சாப்பிட்டேன்” என்னும் இரண்டு விடைகளோடு பேச்சை முடித்துவிடுகின்றனர். பேச விருப்பம் இல்லை என்பது அதன் பொருளன்று. பேசுவதற்குப் பொதுவான பொருள் ஒன்று கிடைக்கவில்லை. “வெந்தயத்தை எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள், பாட்டி?” என்று ஒரு பேத்தி கேட்டால், அந்தப் பேச்சு அவ்வளவு விரைவில் முடியாது. பாட்டி தம் வீட்டு ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொல்வார். கூடை காய்ந்த முற்றத்தைப் பற்றிச் சொல்வார். இன்று எவர் வீட்டிலும் இல்லாத ஒரு கூடையின் பெயரையும் சொல்லக்கூடும்.

சிறியோருடன் செய்யும்போது

தம்பி தங்கையருடன் கைவேலை செய்யும் மூத்தோர் சிலவற்றை மனத்தில் கொள்ளுதல் நலம். சிறு குழந்தையின் தடுக்கு கோணலாக இருக்கும். கிண்ணத்தின் விளிம்பு மேடுபள்ளமாக இருக்கும். அதைப் பிடுங்கித் திருத்தினால் அப்பொருள் அழகாகலாம். ஆனால் அது குழந்தை செய்த பொருளாக இராது. வயதிற்கேற்ற வேலையைப் பகிர்ந்தளிக்கலாம். மூன்று வயதுக் குழந்தை தாளைக் கிழிக்கும், கூழைப் பிசையும். ஐந்து வயதுக் குழந்தை மடிக்கும், ஒட்டும். எட்டு வயதுச் சிறுவர் அளந்து வெட்டுவர். வேலை முடிந்தபின் சிந்திய தாளையும் பசையையும் துடைத்து இடத்தைத் தூய்மை செய்வதில் எல்லாருக்கும் பங்குண்டு.

அடுத்த மாற்றல் ஆணை வரும்போது தாள் தடுக்கும் கூழ்க் கிண்ணமும் பெட்டியில் ஏறாமல் போகலாம். அவற்றைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துச் செல்லலாம். செய்யும் முறையையும் சொல்லிக்கொடுத்துச் செல்லலாம். புதிய ஊரில் பெட்டிகள் பிரிக்கப்படும் நாளில், பாத்திரங்களைப் பொதிந்திருந்த செய்தித்தாள்கள் தரையெங்கும் குவிந்து கிடக்கும். அடுத்த தடுக்கிற்கு வேண்டிய பட்டைகள் அக்குவியலிலேயே உள்ளன.

அருஞ்சொற்பொருள்

தடுக்கு – ஒருவர் உட்காரும் சிறு பாய்
முடைதல் – ஓலை முதலியவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுதல்
பாவு – நெசவில் நெடுக்காக அமைவது
ஊடை – நெசவில் குறுக்காகச் செல்வது
அச்சு – சுழலும் பொருளின் நடுவே நிற்பது. ஒரு பொருளை வடிக்க உதவும் வடிவம்
கவட்டைக் கம்பு – நுனி இரண்டாகப் பிரிந்த கோல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பனையோலையின் எவ்வியல்புகள் செய்தித்தாளிலும் உள்ளன?
2. தடுக்கு முடையும்போது இரண்டாம் பட்டையை ஏன் கீழிருந்து தொடங்க வேண்டும்?
3. கூழ்க் கிண்ணத்தில் உணவுப் பொருளை வைத்தல் கூடாது. ஏன்?

ஆ. பொருத்தமான வினையைத் தேர்ந்து நிரப்புக. (தொடுத்தாள், கோத்தாள், பின்னினாள், கிள்ளினாள்)
1. அக்காள் தங்கையின் கூந்தலைப் ______.
2. அத்தை மல்லிகைப் பூவைத் ______.
3. தோழி பாசிமணிகளை நூலில் ______.
4. அம்மா முருங்கைக் கீரையைக் ______.

இ. சிந்தித்து எழுதுக.
தலையாட்டிப் பொம்மையின் களிமண்ணை அடியில் வைக்காமல் கூம்பின் நுனியில் வைத்தால் என்ன நேரும்? செய்துபார்த்து ஐந்து தொடர்களில் எழுதுக.

ஈ. செயல்பாடு
தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவரிடம் பேசி, அவர் சிறுவயதில் செய்த விளையாட்டுப் பொருள் ஒன்றன் செய்முறையைக் கேட்டறிக. அவர் கூறிய சொற்களிலேயே அதை எழுதுக. அப்பொருளுக்கு வேண்டியது உங்கள் ஊரில் கிடைக்கவில்லையெனில், அதற்கு ஈடாக எதைப் பயன்படுத்தலாம் என்பதையும் குறிப்பிடுக.